டீசலா பெட்ரோலா: தங்கச்சிமடத்துக்கு ஒரு கார்

கேள்வி:

வணக்கம் அண்ணே. தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34. மண்டபத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. இதுவரை பைக்தான். பாம்பன் பாலத்தில் காற்று தூக்கி அடிக்கும் நாளில் பிள்ளையை முன்னால் வைத்து ஓட்டப் பயமாக இருக்கிறது. அதனால் முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறோம். வீட்டில் நான், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், அப்பா, அம்மா.

தினமும் வேலைக்குப் போய்வர 24 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி. மற்றபடி ராமேஸ்வரம் கடைத்தெரு, சர்ச், அவ்வளவுதான். கையில் இருப்பதும் லோனும் சேர்ந்து பத்துப் பதினொரு லட்சம் வரும்.

அப்பா முப்பது வருடம் விசைப்படகு வைத்திருந்தவர். படகில் லேலண்ட் எஞ்சின். "டீசல்தான்டா உழைக்கும், பெட்ரோல் வண்டியெல்லாம் இந்த உப்புக் காத்துக்கு நிக்காது" என்கிறார். டீசல் காரைப் பத்து வருடத்தில் ஓட விடமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று இன்னொரு பேச்சு. இதற்கிடையில் மதுரையில் 2018 மாடல் டீசல் கார் ஒன்று ஐந்தரை லட்சத்துக்கு வருகிறது, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதை எடுக்கலாமா, புதுசு எடுக்கலாமா? புதுசு என்றால் எது?

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுசு எடுப்பதாக இருந்தால் பெட்ரோல் எடுங்கள். மதுரைக் காரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது தனிக் கதை. ராமநாதபுரத்தில் பட்டறை போட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்து வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் சொல்வது தப்பே இல்லை. ஆனால் அவர் மனதில் இருப்பது படகு.

விசைப்படகு எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. மடி வலை இழுக்கும்போது ஒரே வேகம், ஒரே சுமை, மணிக்கணக்காக. டீசல் எஞ்சினுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே நிலைத்து நின்று, பாரம் இழுத்துக்கொண்டே இருந்தால் அது வருடக்கணக்கில் உழைக்கும். அதோடு அந்தப் பழைய எஞ்சின்களில் இருப்பது மெக்கானிக்கல் பம்பு. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும். கோளாறு வந்தால் கரையில் இருக்கும் மெக்கானிக்கே நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். கரும்புகை வந்தால் கடல் காற்றோடு போய்விடும், அதைப் பிடித்துவைக்க எஞ்சினில் எதுவும் கிடையாது.

இன்று ஷோரூமில் இருக்கும் டீசல் காரில் அந்த எஞ்சின் இல்லை. காமன் ரெயில் என்ற முறையில் டீசலை 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தி, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் பீய்ச்சுகிறார்கள். இன்ஜெக்டர் அவ்வளவு நுணுக்கமானது. கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனாலே போச்சு. (இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: படகுக்கு மானியத்தில் வாங்கி கேனில் வைத்திருக்கும் டீசலை எந்தக் காரணத்துக்காகவும் காரில் ஊற்றாதீர்கள். அது படகுக்கென்று கொடுத்தது, காரில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். அதோடு கரையில் கேனில் நின்ற டீசலில் தண்ணீர் இறங்காமல் இருக்காது.)

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதற்காக டீசல் காரின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி சேர்ந்தது. டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும் இல்லையா? அதனால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை அந்தக் கரியை வண்டியே எரித்துச் சாம்பலாக்கும். அப்படி எரிய 550, 600 டிகிரி சூடு வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், நிற்காமல் பதினைந்து இருபது நிமிடம் ஓடினால்தான் அது ஒழுங்காக முடியும்.

இப்போது உங்கள் வழியைப் பாருங்கள். வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். முதல் ஐந்து ஆறு கிலோமீட்டர் எஞ்சின் சூடேறவே சரியாகிவிடும். பாம்பன் ஊருக்குள் மெதுவாகப் போக வேண்டும். பாலத்தின் மேல் ஏறினால் வெளியூர்க்காரர்கள் வண்டியை ஓரம்கட்டி ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அங்கேயும் ஊர்ந்துதான் போக வேண்டும். இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஆபீஸ் வந்துவிடும். கரி எரிய ஆரம்பித்திருக்கும், நீங்கள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். சாயங்காலமும் அதே கதைதான்.

மாதம் ஒரு தடவை மதுரை போகிறோமே, அப்போது எரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எரியும். ஆனால் நீங்கள் மதுரை போகும் தேதி பார்த்து அது நிறையாது. இரண்டு மதுரைப் பயணத்துக்கு நடுவில் அறுநூறு கிலோமீட்டர் போலச் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடியிருப்பீர்கள். அதற்குள் ஒன்றிரண்டு முறை எரிக்கப் பார்த்து, பாதியில் நின்று, மறுபடி ஆரம்பித்து என்று அது திணறிக்கொண்டே இருக்கும்.

கீழக்கரையில் ஒரு பெரியவர். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி, வாப்பா சௌகரியமாகப் போகட்டும் என்று பெரிய டீசல் வண்டியாக வாங்கிக் கொடுத்திருந்தார். பெரியவருக்குப் பள்ளிவாசல், கடைத்தெரு, எப்போதாவது ராமநாதபுரம் பாங்க். பதினான்கு மாதத்தில் மீட்டரில் விளக்கு எரிந்து என்னிடம் வந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். யாரும் ஆயில் ஊற்றவில்லை, ஆனால் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிப்பதற்காக வண்டி கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நீர்த்துப் போனால் பேரிங்கும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவும் தேய ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் மாட்டி நிறுத்தி வைத்தே எரித்தோம், ஆயில் மாற்றினோம், மூன்று மாதத்தில் திரும்ப வந்தது. அப்புறம் இன்னொரு தடவை. கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது, லட்சத்தை ஒட்டி ஆகும் அந்தச் செலவு வேண்டாம் என்று வண்டியை விற்றுவிட்டார்கள். அந்தப் பெரியவர் ஒரு தப்பும் செய்யவில்லை, தம்பி. மெதுவாக, ஒழுங்காக, பத்திரமாக ஓட்டினார். அவருடைய ஓட்டத்துக்கு அந்த வண்டி பொருந்தவில்லை, அவ்வளவுதான். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை விற்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். டீசல் லாபம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் முழு உண்மை. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அது சுருங்கிக்கொண்டே வந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் மூன்று ரூபாய் வரி குறைத்ததில் இன்னும் சுருங்கியது. இப்போது எட்டு, ஒன்பது ரூபாய்தான்.

கணக்குக்காகப் பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும்போது உங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்கில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாடல் காரில் பெட்ரோல் எஞ்சின் நிஜ ஓட்டத்தில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் 20 கொடுக்கிறது என்று வைப்போம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் முப்பத்தெட்டு காசு. டீசலுக்கு நாலு ரூபாய் எழுபது காசு. ஒரு கிலோமீட்டருக்கு மிச்சம் ஒரு ரூபாய் அறுபத்தெட்டு காசு. நீங்கள் எழுதியதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன், வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் சுமாராக வருகிறது. ஆக, வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய் மிச்சம். இது சின்னத் தொகை இல்லைதான்.

ஆனால் அந்த இருபதாயிரத்துக்கு முன்பணமாக என்ன கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரே மாடலில் டீசலுக்கு ஒன்றேகால், ஒன்றரை லட்சம் கூட வைக்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது, இதை ஷோரூமில் யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி மாறிவிட்டது. காரின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை என்றால் 18 சதவீதம். நீங்கள் பார்க்கும் பெட்ரோல் கார் ஒன்பதரை லட்சம் என்று வையுங்கள், வரி ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம் சொச்சம். அதே காரின் டீசல் பத்து லட்சத்து எண்பதாயிரம் என்றால் வரி ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்தைத் தாண்டிவிடும். விலையில் ஒரு லட்சத்து முப்பதாயிரம், வரியில் எழுபதாயிரம், மொத்தம் இரண்டு லட்சம் அதிகம். வருடம் இருபதாயிரம் மிச்சப்படுத்தி அதை எடுக்கப் பத்து வருடம் ஆகும். இரண்டு காரும் பத்து லட்சத்துக்குள்ளேயே அடங்கினாலும் ஏழு வருடத்துக்குக் குறையாது. இதில் லோன் வட்டியைச் சேர்க்கவில்லை. டீசலுக்குச் சர்வீஸில் ஆயிலும் ஃபில்டரும் விலை கூடியது, அதையும் சேர்க்கவில்லை. டீசலுக்கு இருந்த இன்னொரு சாதகம் என்னவென்றால் இழுவை. ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து மதுரை வரை எந்த மலையை ஏறப் போகிறீர்கள்? பாம்பன் பாலத்து ஏற்றம்தான் நம் மாவட்டத்துக்கே மலை. குடும்பத்தை ஏற்றி ஏசியும் போட்டு 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சிரமமில்லாமல் போகும்.

ஷோரூமில் இரண்டு வண்டிக்கும் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

டீசல் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு மதுரை, கன்னியாகுமரி என்று வாரம் முழுக்க ஓடும் டாக்சிக்காரர்கள் டீசல்தான் வைத்திருக்கிறார்கள், அது சரிதான். மீன் வியாபாரத்துக்காக வாரத்தில் நாலு நாள் தூத்துக்குடி போய்வரும் ஒருவர் போன மாதம் இதே கேள்வியோடு வந்தார், அவரை டீசலே எடுக்கச் சொன்னேன். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடினால் நாற்பதாயிரத்துக்கு மேல் மிச்சமாகும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே மூச்சாக ஓடுவதால் வடிகட்டியும் தானே சுத்தமாகிவிடும். அவருடைய ஓட்டம் உங்கள் அப்பாவின் படகு ஓட்டம். உங்களுடையது அப்படி இல்லை.

நண்பர்கள் சொல்லும் பத்து வருடத் தடை டெல்லியைப் பற்றியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட உத்தரவும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும்தான். நம் ஊரில் டீசலோ பெட்ரோலோ ஆர்.சி. பதினைந்து வருடம் செல்லும், பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பயத்தில் டீசலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். மாருதி 2020லேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டது, ஹோண்டா 2023இல் நிறுத்தியது. சின்னக் கார்களில் டீசல் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதும், பாகம் தேடும்போதும் இது உங்களைப் பாதிக்கும்.

எத்தனால் பேச்சில் பாதி உண்மை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையும். பழைய கார்களில் 6, 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களை இந்தக் கலப்புக்குத் தகுந்தபடிதான் செய்கிறார்கள், எனவே புது வண்டிக்குப் பயம் வேண்டாம். நான் மேலே போட்ட 16 கிலோமீட்டர் இந்தப் பெட்ரோலுக்கான கணக்குதான். கடலோரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். காரை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு வெளியூர் போவதாக இருந்தால் டாங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். காலியாக இருக்கும் டாங்கில்தான் ஈரக் காற்றுக்கு இடம்.

இனி உப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான். டீசலா பெட்ரோலா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. அப்பா சொன்ன உப்புக் காற்றுக்கு டீசல், பெட்ரோல் என்ற பேதம் கிடையாது. தகடு ஒன்றுதான், அடித்தளம் ஒன்றுதான். சொல்லப்போனால் டீசல் வண்டியின் புகைக்குழாயில் சென்சார்கள் அதிகம், அவற்றின் கனெக்டரில் உப்பு படிந்து பச்சை பூத்தால் விளக்கு எரிய ஆரம்பிக்கும். காற்றுக்கு நிற்பதில் டீசல் ஒரு படி கீழேதான்.

பாம்பன் புது ரயில் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் போட்டு, பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சை அடித்திருக்கிறார்கள். நம் கடல் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது தெரிந்து செய்த ஏற்பாடு அது. உங்கள் கார் அதே காற்றில், அந்தப் பாலத்துக்குப் பக்கத்துப் பாலத்தில், தினமும் இரண்டு தடவை போகப் போகிறது.

துரு எங்கே ஆரம்பிக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கதவின் அடி ஓரம், சக்கரத்துக்கு மேலே தகடு மடிந்திருக்கும் இடம், சைலன்சர் இணைப்பு, ஹேண்ட் பிரேக் கேபிள், பேட்டரி முனை, பாடியில் எர்த் ஒயர் முறுக்கிய இடம், அப்புறம் ஏசி கண்டென்சர். சோளகம் (தெற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும் மாதங்களில் முன்பக்கக் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் உதிர்ந்து மாவாகி வருவதை நிறையப் பார்க்கிறேன். ஏசி குளிரவில்லை என்று கேஸ் மட்டும் நிரப்பி நிரப்பிப் பார்ப்பார்கள், ஓட்டை அங்கே இருக்கும்.

இதற்கு மருந்து தண்ணீர்தான், நல்ல தண்ணீர். வாரம் ஒரு முறை வண்டிக்கு மேலே கழுவுவதைவிட அடியில் கழுவுவது முக்கியம், கண்டென்சரிலும் முன்னாலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். உங்கள் ஊரில் மல்லிகை நாற்று வளர்க்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் இருக்கிறது, தீவில் மற்ற இடங்களில் அந்தக் கொடுப்பினை கிடையாது. உவர்த் தண்ணீர் வரும் போர்வெல்லில் கழுவினால் உப்பை நாமே பூசிய மாதிரி. கழுவியதும் அப்படியே நிறுத்தாதீர்கள். ஒரு சுற்று ஓட்டி, நாலு தடவை பிரேக் பிடித்து, டிஸ்கைக் காயவைத்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். நம் காற்றில் ஹேண்ட் பிரேக் அப்படியே பிடித்துக்கொண்டு வண்டி நகர மறுப்பதைக் கடலோரத்து மெக்கானிக் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

டெலிவரி எடுத்ததும் அடிப்பகுதிக்குக் கோட்டிங் அடித்துவிடுங்கள். அடிக்கிறவர் கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போன தண்ணீர் வெளியே வரும், அதை அடைத்தால் கதவு உள்ளிருந்து அழுகும். கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். புஷ், பூட் என்று ரப்பரெல்லாம் ஊறிப்போகும், சூடான சைலன்சரில் பட்டால் தீ ஆபத்து வேறு. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதும் நல்லதில்லை, ஈரமும் உப்பும் உள்ளேயே நிற்கும். நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி மேலே மட்டும் கூரை போட்ட கொட்டகை போதும். தென்னை மரத்தடியில் நிறுத்த வேண்டாம் என்று தங்கச்சிமடத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் தனுஷ்கோடி கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. 2017இல் ரோடு போட்ட பிறகு அரிச்சல்முனை வரைக்கும் கார் போகிறது. போங்கள், ஆனால் தார் ரோட்டை விட்டு மணலில் இறக்காதீர்கள். வந்த அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல், அடியில் தண்ணீர் விட்டுவிடுங்கள்.

சி.என்.ஜி.யும் யோசிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கம்பெனியே பொருத்திக் கொடுப்பதாக இருந்தால் நல்ல வழிதான், கிலோமீட்டர் செலவு டீசலைவிடக் குறையும், இந்த வடிகட்டித் தொல்லையும் இல்லை. ஆனால் டிக்கியில் இடம் குறைந்துவிடும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டியில் பையும் வீல்சேரும் வைக்க இடம் வேண்டும். நீங்கள் தினமும் போகும் வழியில் கேஸ் பங்க் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள், அதற்காக ராமநாதபுரம் வரை வந்து வரிசையில் நிற்பதாக இருந்தால் வேண்டாம்.

கடைசியாக அந்த மதுரைக் கார். 2018 மாடல் என்றால் பி.எஸ்.6க்கு முந்தைய பி.எஸ்.4. அந்தக் காலத்துச் சின்ன டீசல்கள் பெரும்பாலும் டி.பி.எஃப். இல்லாமல் வந்தவை. அதனால் நான் மேலே சொன்ன வடிகட்டிக் கதை அதற்குப் பொருந்தாது, குறைந்த தூர ஓட்டத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆர்.சி. 2033 வரை இருக்கும். விலையும் பாதி. எனவே உடனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 92,000 ஓடிய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றும் செலவு வைக்கும் வயதுக்கு வந்துகொண்டிருக்கும். கையில் எழுபத்தைந்தாயிரமாவது தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால்தான் அதைத் தொட வேண்டும்.

பார்க்கப் போவதற்கு முன்னால், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியாக இருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபு என்று வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடி நாடாவில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், தரை விரிப்புக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் ஏராளமான கார்கள் முழுகின. அப்படி முழுகியவை துடைத்துப் பாலிஷ் போட்டு வெளியூர்களில் விலைக்கு வரும். வெள்ளத்தில் நின்ற காரை உப்புக் காற்று ஊருக்குக் கொண்டுவந்தால் ஒயரிங் ஒரு வருடம்கூடத் தாங்காது. சர்வீஸ் ரெக்கார்டு முழுசாகக் காட்டினால் மேலே பேசுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்குப் புது பெட்ரோல் கார், பத்து லட்சத்துக்குள், சாதாரண மேனுவல் கியர், டர்போ இல்லாதது. டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள். முப்பது வருடம் எஞ்சின் சத்தம் கேட்ட காது அவருடையது, எது சரியாக ஓடுகிறது, எது முக்குகிறது என்று அவருக்குத் தெரியும். அம்மாவைப் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.